கணக்கின் எடை

1994 நவம்பர் 11ஆம் தேதியிட்ட 'சயின்ஸ்' இதழில் நாலே பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர் லியனார்ட் ஏடில்மன், தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியல் பேராசிரியர். அவர் எடுத்துக்கொண்ட புதிர் ரொம்பச் சாதாரணமானது. 7 ஊர்கள், அவற்றுக்கிடையே 14 ஒருவழிப் பாதைகள். குறிப்பிட்ட ஓர் ஊரில் கிளம்பி, குறிப்பிட்ட இன்னோர் ஊரில் முடித்து, எல்லா ஊரையும் ஒரே ஒரு தடவை தொட்டுப் போகிற வழி உண்டா? பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரத்தில் போட்டுவிடுவான். ஏடில்மனுக்கு 7 நாள் ஆயிற்று. அவர் விடையைக் கண்டுபிடித்தது காகிதத்திலும் இல்லை, சிலிக்கன் சில்லிலும் இல்லை. சோதனைக்குழாய் ஒன்றில் மிதந்த டி.என்.ஏ. மூலக்கூறுகளில்.

உயிர்ப்பொருளால் கணக்குப் போடலாம் என்பதற்கு முதல் செய்முறை நிரூபணம் இது. இதைப் பற்றி வந்த உற்சாகமான எழுத்துகளுக்குக் குறைவில்லை. சிலிக்கன் செத்தது, இனிமேல் செல்தான் என்றெல்லாம் எழுதியாச்சு. பிற்பாடு அந்த உற்சாகம் வடிந்ததைக் கேலிசெய்த எழுத்துகளும் வந்தாச்சு. வெற்றி தோல்விக் கணக்காக இதைப் பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. கணக்கு என்பது உடம்பில்லாத காரியம், அது எதன்மேல் நடந்தாலும் ஒன்றுதான் என்றொரு நம்பிக்கை இருபதாம் நூற்றாண்டின் அறிவியலுக்குள் ஆழமாக வேரோடிக் கிடந்தது. அந்த நம்பிக்கைக்கு இந்த வரலாற்றில் என்ன நேர்ந்தது என்பதே இங்கு நான் கேட்க விரும்புவது.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 1936இல் ஆலன் டூரிங் தம் கற்பனை இயந்திரத்தை விவரித்த கட்டுரையில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல் ஓர் ஆளைக் குறிக்கிறது. காகிதத்தில் குறிகளை எழுதி, அழித்து, அடுத்த கட்டத்துக்கு நகர்கிற ஒரு மனித ஆள். அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதை உரித்து உரித்து, கடைசியில் மிஞ்சுகிற எலும்புக்கூடுதான் டூரிங் இயந்திரம். நாடா, தலை, சில விதிகள். அவ்வளவுதான். நாடா எதனால் ஆனது என்பது கேள்வியே இல்லை. இதிலுள்ள உண்மைக்கு நம் பக்கத்திலிருந்தே ஒரு சாட்சி உண்டு. 1825இல் புதுச்சேரியில் ஜான் வாரன் என்கிற ராணுவ அதிகாரி ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அந்தப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, சொற்களாக மனப்பாடம் செய்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு அந்த வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பிழை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகவில்லை. அவருக்கு வானவியல் கோட்பாடு எதுவும் தெரியாது என்று வாரன் தம் 'கால சங்கலித'த்தில் எழுதிவைத்தார், சற்று இளக்காரமாகவே. ஆனால் டூரிங் கேட்பதும் அவ்வளவுதானே. குறிகளும் விதிகளும் இருந்தால் போதும், சோழியா சிலிக்கனா என்பது கேள்வியில்லை.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. 1943 பிப்ரவரியில் டப்ளின் டிரினிடி கல்லூரியில் இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர் உயிர் என்றால் என்ன என்று சொற்பொழிவாற்றினார். அடுத்த வருஷம் அது புத்தகமாயிற்று. குரோமசோமுக்குள் ஓர் எழுதப்பட்ட குறிமொழி இருக்கிறது என்றார் அவர். 1953இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைக் கண்டார்கள். 1954இல் ஜார்ஜ் காமாவ், டி.என்.ஏ.வின் நாலு எழுத்து புரதத்தின் இருபது எழுத்தாக மாறுவதை எதிரியின் ரகசியச் செய்தியை உடைக்கிற வேலை மாதிரிப் பார்த்தார். போர்க்காலச் சங்கேதக் கலை அப்படியே செல்லுக்குள் இறங்கியது. 1961இல் ஜேக்கபும் மோனோவும் மரபணுத் தொகுதியை ஒரு 'புரோகிராம்' என்றே எழுதினார்கள். உயிர் ஒரு பிரதியாகி, பிரதி ஒரு கட்டளைத் தொகுப்பாகிவிட்டது. இந்தக் கதையாடல் பனிப்போர்க் காலத்துத் தகவல் கோட்பாட்டிலிருந்து கடன் வாங்கிய மொழி என்பதை லில்லி கே 2000இல் வந்த தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

ஆனால் அவ்வளவு கணிதமூளைகள் சேர்ந்தும் அந்தக் குறிமொழி காகிதத்தில் உடையவில்லை. 1961இல் நிரன்பர்கும் மத்தாயியும் பாக்டீரியாவை அரைத்தெடுத்த சாற்றில் ஒரே எழுத்தாலான ஆர்.என்.ஏ.வைப் போட்டு, என்ன புரதம் வருகிறது என்று பார்த்தார்கள். முதல் சொல் அப்படித்தான் படிக்கப்பட்டது. சோதனைக்குழாயில், சாற்றில், கை நனைத்து. உருவகம் எவ்வளவு லேசானதாக இருந்தாலும் பொருள் லேசானதில்லை.

இந்த இரண்டு கதைகளும் ஏடில்மனிடம் வந்து முட்டுகின்றன. அவர் யார் என்பதும் தற்செயலில்லை. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர் இருவருடன் சேர்ந்து ஆர்.எஸ்.ஏ. என்கிற ரகசியமொழி முறையை உண்டாக்கியவர். அந்தப் பெயரின் கடைசி எழுத்து அவருடையது. 1983இல் தம் மாணவர் பிரெட் கோஹன் எழுதிய, தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் நிரலுக்கு 'வைரஸ்' என்று பெயர் சூட்டியவரும் அவரே. அப்பேர்ப்பட்டவர் ஓர் இரவு படுக்கையில் வாட்சனின் பாடநூலைப் படித்துக்கொண்டிருக்கிறார். டி.என்.ஏ. பாலிமரேஸ் என்கிற என்சைம் ஒரு இழைமேல் நகர்ந்தபடியே எழுத்தெழுத்தாகப் படித்து, எதிர் இழையை எழுதிக்கொண்டு போகிற இடத்தில் நிற்கிறார். இது டூரிங் இயந்திரம் மாதிரி இருக்கிறதே. உயிரியல் தகவலியலிடம் வாங்கிய உருவகம், கடன் கொடுத்தவர் வீட்டுக்கே பொருளாகத் திரும்பி வந்த கணம் அது.

(அவருக்கு முன் யாரும் யோசிக்கவில்லை என்றில்லை. சோவியத் ஒன்றியத்தில் எஃபிம் லிபர்மன் 1972இலேயே செல்லை ஒரு மூலக்கூறுக் கணிப்பொறியாக எழுதியிருந்தார். அமெரிக்காவில் சார்லஸ் பென்னெட் 1973இல் ஆர்.என்.ஏ. உருவாவதைக் கணக்கீட்டோடு ஒப்பிட்டார். மைக்கேல் கான்ராட் பல வருஷம் இதையே பேசிக்கொண்டிருந்தார். எழுதினார்கள், ஏடில்மன் செய்தார்.)

செய்த விதத்தைப் பார்ப்போம், விஷயம் அதில்தான் இருக்கிறது. டி.என்.ஏ.வுக்கு நாலு எழுத்து. ஏ என்பது டியோடு சேரும், ஜி என்பது சியோடு சேரும். வேறு ஜோடி ஒட்டாது. ஒவ்வொரு ஊருக்கும் 20 எழுத்தில் ஒரு பெயர் வைத்தார். பாதைக்கும் 20 எழுத்து. புறப்படும் ஊர்ப் பெயரின் பின்பாதி 10 எழுத்தும், போய்ச் சேரும் ஊர்ப் பெயரின் முன்பாதி 10 எழுத்தும் சேர்த்தால் அந்தப் பாதை. ஊர்ப் பெயருக்கு எதிர் இழை ஒன்றையும் செய்துகொண்டார். அந்த எதிர் இழை, ஊருக்கு வருகிற பாதையின் வாலையும் ஊரிலிருந்து கிளம்புகிற பாதையின் தலையையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். இரண்டு பலகைக்கு அடியில் ஒரு சட்டம் வைத்து அறைவது மாதிரி. ஒவ்வொரு பாதைக்கும் சுமார் 30 லட்சம் கோடி மூலக்கூறுகள். எல்லாவற்றையும் குழாயில் போட்டு, ஒட்டவைக்கும் என்சைமையும் சேர்த்தால், அந்த வரைபடத்தில் சாத்தியமான வழிகளெல்லாம் தாமாகவே கோத்துக்கொண்டு உண்டாகிவிடுகின்றன. சரியான வழி, தவறான வழி, சுற்றிச் சுற்றி வருகிற வழி, பாதியில் நிற்கிற வழி, எல்லாமே. இதற்கு ஒரு விநாடி போதும் என்பது ஏடில்மன் பிற்பாடு சொன்ன கணக்கு.

அந்த ஒரு விநாடியில் விடை குழாய்க்குள் வந்துவிட்டது. எங்கே இருக்கிறது என்றுதான் தெரியாது. ஏறத்தாழ ஒரு கோடி கோடி மூலக்கூறுகளுக்கு நடுவே எங்கோ மிதக்கிறது. மிச்ச 7 நாளும் சலிப்பதற்குத்தான். சரியான ஊரில் தொடங்கிச் சரியான ஊரில் முடிகிற இழைகளை மட்டும் பிரதியெடுத்துப் பெருக்கவேண்டும். அப்புறம் ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி, 140 எழுத்து நீளமுள்ளவற்றை மட்டும் வெட்டி எடுக்கவேண்டும், ஏனென்றால் 7 ஊர் என்றால் 140 எழுத்துதான். பிறகு ஒவ்வொரு ஊர்ப் பெயரின் எதிர் இழையையும் நுண்ணிய காந்த மணிகளில் ஒட்டி வைத்து, அந்த ஊர் இருக்கிற இழைகளை மட்டும் பிடித்து நிறுத்தி, மற்றதைக் கழுவி ஊற்றவேண்டும். ஊர் ஊராக இப்படி. கடைசியில் எதாவது மிஞ்சினால், வழி உண்டு. மிஞ்சியது.

முறத்தில் புடைத்தவர்களுக்கு இந்த வேலை புரியும். கணக்கை மூலக்கூறு போட்டது, சரி. புடைத்தது யார்? 'கணக்கீடு' என்று கட்டுரை சொல்வது அந்த ஒரு விநாடியையா, 7 நாளையா? ஏடில்மன் ஒரு பிரமாதமான எண்ணைத் தருகிறார். ஒரு ஜூல் ஆற்றலுக்கு 2 லட்சம் கோடி கோடி செயல்பாடுகள். அன்றைய மீக்கணிப்பொறிகள் ஒரு ஜூலுக்குச் சுமார் 100 கோடிதான். இந்த எண் பொய்யில்லை. ஆனால் அது இழையும் இழையும் ஒட்டுகிற வேதிவினைக்கு மட்டுமான எண். ஜெல் பெட்டியின் மின்சாரம், குளிர்பதனப் பெட்டி, குழாயை எடுத்துக் கழுவி வைத்த கைகள், இவை அந்த எண்ணுக்குள் இல்லை. எல்லாப் புது இயந்திரத்தின் வரலாற்றிலும் இது நடக்கிறது. இயந்திரம் செய்த வேலை எண்ணப்படும். இயந்திரத்தைச் செய்யவைக்கிற வேலை சூழல் என்று பெயர் மாறி மறைந்துபோகும்.

ஆனால் பெரிய அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. 1995இல் யூரிஸ் ஹார்ட்மானிஸ் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். கணக்குகளின் எடை பற்றி என்று அதற்குத் தலைப்பு. ஹார்ட்மானிஸ் ரீகாவில் பிறந்தவர். கணக்குகளின் சிக்கலை அளக்கிற துறையையே 1965இல் ஸ்டேர்ன்ஸுடன் சேர்ந்து தொடங்கியவர். அவர் செய்தது கொடூரமான அளவுக்கு எளிமையான ஒரு பெருக்கல். ஏடில்மன் முறையில் எல்லா வழிக்கும் குறைந்தது ஒரு மூலக்கூறாவது வேண்டும். ஊர் கூடக் கூட வழிகள் கூட்டலாக வளர்வதில்லை, மடங்கு மடங்காகப் பெருகுகின்றன. 7 ஊருக்குத் தேக்கரண்டியில் ஐம்பதில் ஒரு பங்கு திரவம் போதும். 200 ஊர் என்றால் தேவைப்படும் டி.என்.ஏ.வின் எடை பூமியின் எடையை விடக் கூடுதல்.

இதை வெறும் நடைமுறைச் சிக்கலாக எடுத்துக்கொண்டு அப்பால் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தகைய புதிர்களில் சிலிக்கன் இயந்திரம் ஒவ்வொரு வழியாகப் பார்த்துக்கொண்டே போகும், பிரபஞ்சத்தின் வயதே போதாமல் போகலாம். டி.என்.ஏ. எல்லா வழியையும் ஒரே நொடியில் பார்க்கும், அதற்கு இடம் போதாமல் போகும். காலத்தில் கட்டவேண்டிய கடனை எடையில் கட்டச் சொல்கிறார்கள். கடன் அப்படியே இருக்கிறது, நாணயம்தான் மாறியிருக்கிறது. சோழியா சிலிக்கனா என்பது கேள்வியே இல்லை என்றவர்களிடம் பொருள் வந்து கணக்குக் கேட்டது இப்படித்தான். தகவல் என்பது பௌதிகமானது, ஒரு குறியை அழித்தால்கூட அதற்கு வெப்பம் என்கிற விலை உண்டு என்று ரால்ஃப் லாண்டாவர் 1961இலேயே சொல்லியிருந்தார். அவர் சொன்னது வெப்பம். ஹார்ட்மானிஸ் காட்டியது எடை.

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. 1995இல் பிரின்ஸ்டனைச் சேர்ந்த போனே, டன்வொர்த், லிப்டன் மூவரும் அமெரிக்க அரசின் டி.இ.எஸ். என்கிற ரகசியமொழி முறையை டி.என்.ஏ.வால் உடைக்கலாம் என்று காட்டினார்கள். 720 கோடி கோடி சாவிகளையும் குழாயில் போட்டுத் தேடுவது. சுமார் 4 மாத ஆய்வுக்கூட வேலை என்று மதிப்பீடு. 1998 ஜூலையில் எலெக்ட்ரானிக் ஃபிராண்டியர் ஃபவுண்டேஷன் என்கிற அமைப்பு இதற்கென்றே சிலிக்கனில் ஓர் இயந்திரம் கட்டி அதே டி.இ.எஸ்.ஸை உடைத்தது. 56 மணி நேரம். குழாய் பக்கம் யாரும் போகவே தேவைப்படவில்லை.

2002இல் ஏடில்மன் குழு 20 மாறிகள் கொண்ட தருக்கப் புதிர் ஒன்றைத் தீர்த்தது. 10,48,576 சாத்தியங்களிலிருந்து ஒரே ஒரு சரியான விடையை டி.என்.ஏ.விலிருந்து பொறுக்கியெடுத்தார்கள். மனிதர் கையால் செய்து சரிபார்க்க முடியாத அளவு அது, மேசைக் கணிப்பொறிக்கோ கண்சிமிட்டும் நேரத்து வேலை. மின்னணுக் கணிப்பொறியோடு டி.என்.ஏ. நேருக்கு நேர் போட்டி போடும் என்ற நம்பிக்கை அதோடு ஏடில்மனிடமே மங்கிவிட்டது. எழுத்துகள் தவறாக ஒட்டுகின்றன, ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் இழைகள் தொலைகின்றன, ஒரு குழாய் ஒரு புதிருக்குத்தான், அடுத்ததற்குப் புது டி.என்.ஏ. செய்யவேண்டும். குறைகள் இவைதான், அப்போதைக்கும் இப்போதைக்கும்.

ஆனால் தோற்ற இடத்தில்தான் இந்தத் துறை புத்திசாலித்தனமாக மாறியது. வேகத்தில் ஜெயிக்க முடியாதென்றால், சிலிக்கனால் போகமுடியாத இடத்துக்குப் போவது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஏஹுத் ஷபீரோ குழுவினர் 2001இல் ஒரு துளி நீரில் லட்சம் கோடிக் குட்டி இயந்திரங்களை ஓடவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தெரிந்தது இரண்டு நிலை, சில விதி. 2004இல் அதையே, குறிப்பிட்ட ஆர்.என்.ஏ.க்கள் கூடியிருக்கின்றனவா குறைந்திருக்கின்றனவா என்று பார்த்து, புற்றுநோய்க்கான அடையாளங்கள் எல்லாம் பொருந்தினால் மட்டும் ஒரு மருந்து மூலக்கூறை விடுவிக்கும்படி அமைத்தார்கள். நடந்தது சோதனைக்குழாயில்தான், நோயாளியின் உடம்பில் அல்ல. இருந்தாலும் கேள்வி மாறிவிட்டதைக் கவனிக்கவேண்டும். எவ்வளவு வேகமாக என்பது போய், எங்கே என்பது வந்துவிட்டது. 2011இல் கால்டெக்கில் லூலூ சியனும் எரிக் வின்ஃப்ரீயும் 130 டி.என்.ஏ. இழைகளாலான சுற்று ஒன்றில் 15 வரையிலான எண்களுக்கு வர்க்கமூலம் கண்டார்கள். பல மணி நேரம் ஆயிற்று. யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் செய்ய முயன்றது கால்குலேட்டர் இல்லை. வேதிவினையே யோசித்து முடிவெடுக்கிற ஒரு பொருள்.

டி.என்.ஏ.வைக் கிடங்காக வைத்துக்கொள்வது தனிக் கதை. 2012இல் ஜார்ஜ் சர்ச் தம் புத்தகம் ஒன்றை அதில் எழுதிவைத்தார். 2013இல் நிக் கோல்ட்மன் குழு ஷேக்ஸ்பியரின் சானெட்டுகளோடு வாட்சன், கிரிக்கின் 1953ஆம் வருஷக் கட்டுரையையும் டி.என்.ஏ.வாக எழுதியது. டி.என்.ஏ. பற்றிய பிரதி டி.என்.ஏ.விலேயே! பத்து லட்சம் வருஷத்துக்கு மேற்பட்ட மாமத் யானைப் பல்லிலிருந்து 2021இல் டி.என்.ஏ.வைப் படித்திருக்கிறார்கள் என்பதால் நீடிப்பு பற்றிக் கவலையில்லை. எழுதுகிற செலவும் மெதுவும்தான் தடை.

இப்போது பேச்சு மூலக்கூறிலிருந்து செல்லுக்கு வந்துவிட்டது, அதுவும் மூளைச் செல்லுக்கு. 2022இல் மெல்போர்னின் கார்டிகல் லேப்ஸ் நிறுவனத்து ஆய்வாளர்கள், சுமார் 8 லட்சம் நரம்புச் செல்களை மின்முனைத் தட்டு ஒன்றில் வளர்த்து, 'பாங்' என்கிற பழைய பந்தாட்ட வீடியோ விளையாட்டை ஆடவைத்ததாக 'நியூரான்' இதழில் எழுதினார்கள். சில தட்டுகளில் எலிக் கருவின் செல்கள், சிலவற்றில் மனிதச் செல்கள். பந்தை அடித்தால் ஒழுங்கான, எதிர்பார்க்கக்கூடிய மின்துடிப்பு. தவறவிட்டால் தாறுமாறான இரைச்சல். செல்கள் ஒழுங்கை நோக்கி நகர்ந்தன என்பது அவர்கள் வாதம். கட்டுரைத் தலைப்பிலேயே உணர்வுநிலை என்கிற சொல்லைப் போட்டிருந்ததால் சண்டை வந்தது. 2023இல் அதே இதழில் பல ஆய்வாளர்கள் சேர்ந்து அந்தச் சொல்லை மறுத்து எழுதினார்கள்.

இங்கே வாக்குறுதி ஆற்றல் சேமிப்பு. மனித மூளை ஓடுவது சுமார் 20 வாட்டில். 2022இல் உலகின் முதலிடத்துக்கு வந்த ஃபிராண்டியர் மீக்கணிப்பொறிக்கு 21 மெகாவாட். இந்த ஒப்பீட்டை வைத்துத்தான் 2023 பிப்ரவரியில் தாமஸ் ஹார்டுங்கும் அவருடைய சகாக்களும் ஒரு திட்ட அறிக்கையே வெளியிட்டார்கள். 2025 மார்ச்சில் கார்டிகல் லேப்ஸ் தன் இயந்திரத்தைச் சுமார் 35,000 டாலர் விலைக்கு அறிவித்தது. அதற்குள் இருக்கிற செல்கள் 6 மாதம் வரை உயிரோடிருக்கும். அதற்கு ஊட்டம் தரவேண்டும், கழிவை அகற்றவேண்டும், வெப்பம் காக்கவேண்டும். அணைத்து வைத்துவிட்டு ஊருக்குப் போகமுடியாத கணிப்பொறி. ஏடில்மனின் 7 நாள் உழைப்பு வேறு வேஷத்தில் வந்து நிற்கிறது. அன்று புடைத்த கைகள் இன்று பால் புகட்டுகின்றன.

அப்புறம் அந்தச் செல்கள். யாமனாகா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் காட்டிய வழியில், ஒருவருடைய தோலையோ ரத்தத்தையோ எடுத்து அதை மூலச்செல்லாகப் பின்னுக்குத் திருப்பி, பிறகு நரம்புச் செல்லாக வளர்க்கிறார்கள். மனிதச் செல் என்றால் அதற்குப் பின்னால் ஒரு மனிதர் உண்டு. ஏடில்மனின் டி.என்.ஏ. யாருடையதும் இல்லை, வேதிமுறையில் செய்தது. இது அப்படியில்லை. இந்த வகையான செல் கொடுத்தவர் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுக்கிறார். எதற்குக் கையெழுத்துப் போட்டார்? மருந்தாய்வுக்கு என்றால் புரிகிறது. தம் ரத்தத்திலிருந்து வளர்ந்த நரம்புகள் இயந்திரமாக விற்கப்படும் என்பதை எந்தப் படிவத்தில் எழுதுவது? உயிர் ஒரு பிரதி என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்ட பிறகு, அந்தப் பிரதிக்கு ஓர் உடம்பு இருந்ததும் அது ஒருவருடைய உடம்பு என்பதும் மறந்துபோவது சுலபம்.

ஹார்டுங் குழுவினரே தங்கள் அறிக்கையில் இந்த அறவியல் கேள்வியை எழுப்புகிறார்கள் என்பதைச் சொல்லியாகவேண்டும். அவர் வேலை செய்கிற இடம் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸின் மருத்துவமனையில்தான் 1951இல் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சைக்கு வந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்கிற கறுப்பினப் பெண்ணின் செல்கள் அவரைக் கேட்காமல் எடுக்கப்பட்டன. அன்று அது வழக்கம்தான், விதிமீறல் இல்லை. அந்த வருஷம் அக்டோபர் 4ஆம் தேதி, 31 வயதில், அவர் இறந்துபோனார். செல்கள் சாகவில்லை. ஹீலா என்று பெயர் பெற்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பெருகின. குடும்பத்துக்கு விஷயம் தெரியவந்தபோது 1970கள் ஆகியிருந்தது. 2021இல் அவருடைய வாரிசுகள், அந்தச் செல்களை வைத்து வியாபாரம் செய்ததாகத் தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார்கள். ஹார்டுங்கின் அறிக்கை வந்த அதே 2023ஆம் வருஷம், ஆகஸ்டில், வழக்கு சமரசத்தில் முடிந்தது. நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை.